மூன்றாம் நாற்காலியின் கசிவுப் புகார்

செண்பகத்துக்கு ஒரு பெருமை உண்டு. காலை ஏழு மணிக்கு அரை டம்ளர் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால், சாயங்காலம் ஆறரை வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் அவளால் இருக்க முடியும். இதிலென்ன பெருமை என்று கேட்கிறவர்கள் கேளுங்கள். எழுபத்து மூன்றாம் வருஷம், தியாகராய நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் இருந்த அந்த கேஸ் ஏஜென்சியில் டெலிபோன் எடுத்த பெண்களுக்கு அதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனம் கிடையாது.

மூன்று கறுப்பு டெலிபோன், மூன்று நாற்காலி, மூன்று பெண்கள். முதல் நாற்காலியில் மயிலாப்பூர் நீரஜா. இரண்டாவதில் தங்கபுஷ்பம்; முதலாளிக்கு ஊர்வழியில் தூரத்துச் சொந்தம். மூன்றாவதில் செண்பகம். சிலிண்டருக்குப் பதிவு செய்கிறவர்கள், பதிவு செய்து ஒரு மாதம் ஆகியும் வராதவர்கள், வந்தது பாதியிலேயே தீர்ந்துவிட்டது என்கிறவர்கள், எல்லாரும் இந்த மூன்று பேரின் காதில்தான் வந்து விழுவார்கள். சிலிண்டரை இவர்கள் என்ன மடியில் கட்டியா வைத்திருக்கிறார்கள்? ஆனாலும் திட்டு மட்டும் இவர்களுக்கு.

செண்பகம் அடையாறு ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள். அவள் அம்மா மீன்கூடை சுமந்து சுமந்து உச்சந்தலையில் முடி கொட்டிப்போனவள். மகள் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தாள். குடிசை போய், குடிசை மாற்று வாரியத்தார் கட்டிய மாடி வீடு வந்தது. குழாய் பதிக்கும் வேலைக்காரன் அம்மாசி புருஷனாக வந்தான். எல்லாவற்றுக்கும் மேலே இந்த நாற்காலி வந்தது. அவள் குடும்பத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். டெலிபோனில் "வணக்கம், தங்கள் இணைப்பு எண் என்ன?" என்று அவள் பேசினால், ஆற்றங்கரைப் பெண் என்று ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த நாற்காலி போனால் அம்மாவின் கூடைதான் மிச்சம். அதனால் நாற்காலி கேட்டதையெல்லாம் அவள் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலி நிறையவே கேட்டது. மணி மூன்று முறை அடிப்பதற்குள் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மானேஜர் ரகுபதி வாசல் பக்கத்துக் கரும்பலகையில் பெயரை எழுதிப்போடுவார். வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிப்பார்கள். பலகைத் தடுப்புக்குப் பின்னால் ரகுபதியிடம் இன்னொரு டெலிபோன் இருந்தது. மூன்று பெண்கள் பேசுவதையும் அதில் ஒட்டுக்கேட்பார். அவர் எடுக்கும்போது காதில் 'கிளிக்' என்று ஒரு சத்தம் வரும், இவர்கள் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். கழிப்பறைச் சாவி அவர் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. வேண்டுமென்றால் அவர் முன்னால் போய் நின்று கேட்க வேண்டும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், "இப்பத்தானேம்மா போன?" என்பார். வயசுப் பெண்ணுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? தண்ணீர்ப் பானையும் அறையில் இல்லை. பானை இருந்தால் எழுந்து எழுந்து போகிறார்கள் என்று அதைக் கிடங்குக்கு அனுப்பியிருந்தார் அந்தப் புண்ணியவான்.

இன்னொரு சட்டமும் இருந்தது. எதிரில் பேசுகிறவர் வைத்த பிறகுதான் இவர்கள் டெலிபோனை வைக்கலாம். அவர் என்ன பேசினாலும் சரி. தினமும் பதினொரு மணிக்கு மூன்றாவது டெலிபோனுக்கு ஒரு ஆள் கூப்பிடுவான். சிலிண்டர் வேண்டாம் அவனுக்கு. அவன் பேசியதை நான் இங்கே எழுதப்போவதில்லை. செண்பகம் கண்ணை மூடிக்கொண்டு "தங்கள் இணைப்பு எண் என்ன சார்?" என்று நான்கைந்து தடவை கேட்பாள். அவன் ஆசை தீர்ந்து வைத்தபின் இவள் வைப்பாள். ரகுபதியின் 'கிளிக்' அப்போதும் கேட்கும். ஒருநாளாவது அந்த மனுஷன் குறுக்கே ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லவில்லை.

இப்படி ஒன்றரை வருஷம். பிறகு செண்பகத்துக்கு அடிவயிற்றில் எரிச்சல் வந்தது, இடுப்பில் வலி வந்தது, மாதம் ஒரு தடவை குளிர் ஜுரம் வந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொடுத்து, "நிறைய தண்ணி குடி" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். மாத்திரையைச் செண்பகம் ஒழுங்காகப் போட்டாள். தண்ணீரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடித்தாள்.

"இன்னாமே, உன் ஆபீஸ்ல பாத்ரூம் கீதா இல்லியா?" என்று அம்மாசி கேட்டான்.

"கீது."

"அப்புறம் இன்னா?"

"சாவி மானேஜராண்ட கீது. விடுய்யா. மத்தவங்கல்லாம் நல்லாத்தான் வேல செஞ்சினு கீறாங்க. என் ஒடம்புதான் சொத்த ஒடம்பு."

அவள் அப்படித்தான் நம்பினாள். ஊரெல்லாம் நன்றாக இருக்கிறது, தன் உடம்பு மட்டும் சரியில்லை என்று நம்பினாள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நீரஜாவிடமும் சொல்லவில்லை, புஷ்பத்திடமும் சொல்லவில்லை. நெற்றி சுட்டாலும் பவுடர் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

கண் திறந்தது ஒரு திங்கட்கிழமை காலை. கச்சேரி ரோட்டிலிருந்து ஒரு மாமி கூப்பிட்டாள். அடுக்களையில் என்னவோ நாற்றமடிக்கிறது, தனக்குத் தலை சுற்றுகிறது என்றாள். கசிவு என்று யாராவது சொன்னால் கேட்பதற்கென்று, சிலிண்டர் அனுப்பும் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் ஒரு தாளில் கேள்விகளை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்; அது சுவரில் ஒட்டியிருந்தது. செண்பகத்துக்கு அது தலைகீழ்ப் பாடம். இரண்டாம் கேள்வியைக் கேட்டாள்.

"தங்களுக்கு மட்டும்தான் தலை சுற்றுகிறதா அம்மா? வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கிறதா?"

"நேக்குத்தான் உடம்பு சரியில்லையோன்னு இருந்தேன். இப்போ கேக்கறச்சேதான் தோண்றது. ஆத்துல எல்லாருக்குமே தலைவலிதான். ஆளாளுக்குத் தைலம் தடவிண்டு படுத்துண்டிருக்கா."

"அப்படியானால் உடம்பில் குறையில்லை அம்மா. சிலிண்டரில்தான் குறை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆள் வருவார்."

மாமி வைத்தபின் டெலிபோனை வைத்தவள், வைத்த கையை எடுக்கவில்லை. ஒருத்தருக்கு என்றால் உடம்பு. எல்லாருக்கும் என்றால் சிலிண்டர். இதை நூறு பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். மெதுவாகத் திரும்பிப் பக்கத்து நாற்காலிகளைப் பார்த்தாள். நீரஜாவின் மேஜையில் தைல டப்பா திறந்தே இருந்தது. புஷ்பம் ஒரு கையால் எழுதிக்கொண்டு மறு கையால் அடிவயிற்றைப் பிடித்திருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் எழுதுவாள். அது அவள் பழக்கம் என்று செண்பகம் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"புஷ்பம், உனக்கு எரிச்சல் கீதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

புஷ்பம் விழித்தாள். "உங்களுக்கு யாரு சொன்னா எக்கா?"

"நீரஜா, உனக்கு?"

நீரஜா ரகுபதியின் தடுப்பைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "நாலு மாசமா. ஆத்துல கூடச் சொல்லிக்கலை. நேக்குத்தான் ஏதோ கோளாறுன்னு வெக்கமா இருந்தது. இந்த அறைக்குள்ள வந்தாலே மண்டையைப் பிளக்கறது, ஆத்துக்குப் போய்த் தண்ணி குடிச்சா சரியாயிடறது."

அடப்பாவமே! மூன்று பேரும் முழங்கை இடிக்க உட்கார்ந்து, ஆளுக்கொரு நோயை மடிக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். செண்பகத்துக்கு முதலில் அழுகை வந்தது. அப்புறம் வந்தது கோபம், சுத்தமான ஆற்றங்கரைக் கோபம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்க அவளுக்குக் கால்மணி நேரம்தான் பிடித்தது.

இங்கே புகார் நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது கம்பெனி கொடுத்த தடி நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு முத்திரை குத்தியது. ஒரு தாளைக் கிழித்தாலும் தெரிந்துவிடும். எழுதியதை அடிக்கக்கூடாது. சாதாரணப் புகாரை நீல மையிலும் கசிவுப் புகாரைச் சிவப்பு மையிலும் எழுத வேண்டும். கசிவு என்றால் ஆள் போய், சோப்புத் தண்ணீர் போட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்துச் சரிசெய்து, புகார் கொடுத்தவரே 'குறை நீங்கியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அது முடியும். வேறு எவர் கையெழுத்தும் செல்லாது. மாதம் ஒருமுறை வியாழக்கிழமை கம்பெனி அதிகாரி வந்து நோட்டைப் பார்ப்பார். முடியாத சிவப்பு மை ஒன்று இருந்தாலும் அந்த மாதம் புது இணைப்புகள் கிடையாது. புது இணைப்புக்குத்தான் முதலாளி ராப்பகலாகத் தவம் கிடந்தார். இந்தச் சங்கதியெல்லாம் செண்பகத்துக்கு அத்துப்படி, ஏனென்றால் ஒன்றரை வருஷமாக அந்த நோட்டை எழுதுகிறவளே அவள்தான்.

சிவப்புப் பேனாவை எடுத்தாள். கச்சேரி ரோட்டு மாமிக்குக் கீழே, அடுத்த எண்ணைப் போட்டு, தன் அழகான கையெழுத்தில் எழுதினாள்.

'பெயர்: அ. செண்பகம். முகவரி: மூன்றாம் நாற்காலி, இதே அலுவலகம். புகார்: கசிவு. ஒருவருக்கு அல்ல, அறையில் உள்ள மூவருக்கும் உடல்நலக் கேடு. காரணம்: கழிப்பறைக்குப் பூட்டு. குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆபாசமாகப் பேசுகிறவர்களிடமிருந்து டெலிபோனை வைக்க அனுமதி இல்லை.'

மத்தியானம் நோட்டைப் பார்த்த ரகுபதிக்கு முகம் சுண்டிப்போனது. "என்னம்மா இது, கிண்டலா? அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."

"அடிக்கக்கூடாது சார். நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

 செண்பகத்துக்கு அம்மாவின் வழுக்கை உச்சி ஒரு கணம் கண்ணில் வந்து போனது. ஆனாலும் பதில் வந்துவிட்டது. "சரி சார். அப்போ 'குறை நீங்கியது'ன்னு கையெழுத்துப் போட யார் வருவா? புகார் கொடுத்தவங்கதானே போடணும்?"

ரகுபதி நோட்டைப் படாரென்று மூடினார். தன் சட்டம் தன் காலையே சுற்றிக்கொள்ளும் என்று பாவம் அவர் எங்கே கண்டார். அவர் முதலாளிக்கு டெலிபோன் செய்ய உள்ளே போன நேரத்தில் நீரஜா எழுந்து வந்தாள். சிவப்புப் பேனாவை வாங்கினாள். 'முதல் நாற்காலி' என்று எழுதினாள். புஷ்பம் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

"எக்கா, நான் எழுதுனா ஊர்ல எங்க அய்யா தலை குனிஞ்சிருவாரு. முதலாளி அண்ணாச்சி எங்களுக்குச் சொந்தம்லா."

"நீ எழுத வாணாம் புஷ்பம்" என்றாள் செண்பகம். "ரெண்டு போதும்."

மறுநாள் முதலாளி அய்யாதுரை வந்தார். உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்து முன்னுக்கு வந்த மனிதர், எல்லாருக்கும் அண்ணாச்சி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வேலை செய்கிறவர்களுக்கும் உடம்பு என்று ஒன்று உண்டு என்பது மட்டும் அவர் புத்தியில் ஏறியதில்லை. வந்தவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, குரலில் தேன் தடவிக்கொண்டு பேசினார்.

"ஏம்மா, ஒரு குடும்பம் மாதிரி இருக்கோம். வீட்டு விஷயத்தைத் தெருவுல போடலாமா? எங்க ஜவுளிக்கடையில பிள்ளைக காலையிலருந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டேதான் நிக்காவ. ஒருத்தராவது வாயத் திறந்திருக்காவளா?"

"அவங்க கையில சிவப்பு மை நோட்டு இல்ல அண்ணாச்சி."

"சம்பளத்துல பத்து ரூபா கூட்டித் தாரேன். இப்பமே 'குறை நீங்கியது'ன்னு எழுதிரு."

பத்து ரூபாய் அன்று சின்னக் காசு இல்லை. செண்பகத்தின் மனம் ஒரு நிமிஷம் ஆடியது உண்மை. ஆனால் அடிவயிறு எரிந்தது. பத்து ரூபாய்க்கு அது அணையாது என்று அவளுக்குத் தெரியும்.

"சோப்புத் தண்ணி போட்டுப் பாக்காம யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க அண்ணாச்சி."

அய்யாதுரை தேனைத் துடைத்துவிட்டு எழுந்தார். "அப்ப வியாழக்கிழமை பாப்போம். அதிகாரி எனக்கு வேண்டியவருதான். எந்தப் பிள்ள வீட்டுக்குப் போவுதுன்னு அன்னிக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இரண்டு நாளும் செண்பகத்துக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாசி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "போனா போவட்டும்மே. தெருவுக்கே தண்ணி குடுக்கிறேன் நானு, என் பொண்டாட்டி தண்ணி குடிக்காம சாவணுமா? வேற வேல பாத்துக்கலாம்."

"வேற வேல வாணாம்யா. இந்த வேலதான் எனக்கு வேணும். நல்லபடியா வேணும்."

வியாழக்கிழமை பத்தேகாலுக்கு அதிகாரி குலாம் முகம்மது வந்தார். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, அதிகம் பேசாத ஆள். அய்யாதுரை வாசலுக்கே போய் அழைத்து வந்தார், முந்திரி வறுவல் வந்தது, காபி வந்தது. அவர் எதையும் தொடாமல் நோட்டைத் திறந்தார். சிவப்பு மை வந்த இடத்தில் விரலை வைத்துப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். 

"மூணு பேர்னு எழுதியிருக்கு. ரெண்டு புகார்தானே இருக்கு?"

 இரண்டாம் நாற்காலி கிறீச்சிட்டது. தங்கபுஷ்பம் எழுந்து வந்தாள். அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, அதிகாரியின் கண்ணெதிரிலேயே 'இரண்டாம் நாற்காலி' என்று எழுதினாள். எழுதும்போது இடது கை வழக்கம்போல வயிற்றைப் பிடித்திருந்தது.

"வீட்டுப் பிள்ளையே எழுதிருச்சே" என்று அய்யாதுரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முதல் தடவையாக அந்தக் கையையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

குலாம் முகம்மது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கசிவுன்னு எழுதியாச்சு, என்ன கசிவுன்னு நோட்டு கேட்காது. பன்னிரண்டு மணிக்கு நான் கிளம்பணும். அதுக்குள்ள கையெழுத்து இருந்தா புது இணைப்புப் பட்டியல் இங்கே இருக்கும். இல்லேன்னா என்கூடத் திரும்பி வரும்." அப்புறம்தான் அவர் காபியை எடுத்தார்.

பிறகு நடந்ததைப் பார்க்க நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். அய்யாதுரை வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏய் ரகுபதி, ஸ்குரூ டிரைவர் கொண்டா!" ஊருக்கே அண்ணாச்சியானவர் கழிப்பறை வாசலில் குந்தி உட்கார்ந்து, பூட்டின் நாதாங்கியைத் தன் கையாலேயே கழற்றினார், உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும் நின்றது. சாவியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். கிடங்கிலிருந்து தண்ணீர்ப் பானையைத் தூக்கி வந்தது யார் தெரியுமா? மானேஜர் ரகுபதி. சட்டையெல்லாம் நனைந்து, மூன்றாம் நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கினார். கரும்பலகையும் வாசலைவிட்டுப் போனது.

"எல்லாம் சரிபண்ணியாச்சும்மா. கையெழுத்துப் போடு" என்றார் அய்யாதுரை.

"சோப்புத் தண்ணி அண்ணாச்சி" என்றாள் செண்பகம்.

ஒரு டம்ளர் மொண்டு, எல்லாரும் பார்க்க, காலை பத்தே முக்கால் மணிக்கு மடமடவென்று குடித்தாள். இன்னொன்றும் குடித்தாள். பிறகு யாரையும் கேட்காமல் எழுந்து போனாள், நிதானமாகத் திரும்பி வந்தாள். அவள் போன நேரத்தில் மூன்றாம் டெலிபோன் ஏழெட்டு முறை அடித்து ஓய்ந்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"ரெண்டு சரியாயிருக்கு. மூணாவது ஒண்ணு கீது" என்றாள். ஆபீஸில் 'கீது' என்று அவள் சத்தமாகச் சொன்னது அன்றுதான். "அதுக்குப் பதினோரு மணி ஆவணும்."

குலாம் முகம்மது கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். முதலாளி, மானேஜர், அதிகாரி, மூன்று பெண்கள், ஆறு பேரும் ஒரு கறுப்பு டெலிபோனைப் பார்த்துக்கொண்டு. பதினொன்று அடித்து இரண்டு நிமிஷம் ஆனதும் மணி அடித்தது.

"வணக்கம், தங்கள் இணைப்பு எண் என்ன?" என்றாள் செண்பகம்.

அவன்தான். அவன் ஆரம்பித்தான். செண்பகம் இந்தத் தடவை கண்ணை மூடிக்கொள்ளவில்லை. நேராக ரகுபதியைப் பார்த்தாள். ரகுபதி தலையைக் குனிந்துகொண்டு, வைத்துவிடு என்று கையால் காட்டினார்.

"போய் வேற வேல இருந்தா பாருய்யா. இங்க எல்லாருக்கும் வேல கீது" என்று சொல்லி, டெலிபோனை முதல் தடவையாகத் தானே முதலில் வைத்தாள்.

புஷ்பம் களுக்கென்று சிரித்துவிட்டாள். நீரஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செண்பகம் சிவப்புப் பேனாவைத் திறந்து, 'குறை நீங்கியது' என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டாள். நீரஜா போட்டாள், புஷ்பம் போட்டாள்.

அந்த நாற்காலியில் செண்பகம் இன்னும் பல வருஷம் உட்கார்ந்தாள். ஜுரம் போயிற்று, இடுப்பு வலி போயிற்று. புதிதாக வேலைக்குச் சேரும் பெண்ணுக்குச் சுவரில் இருந்த கேள்வித்தாளை அவள்தான் படித்துக் காட்டுவாள். இரண்டாம் கேள்வி வந்ததும் அவள் அந்தப் பெண்ணுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுப்பாள். டெலிபோன் அடிக்கும். குடித்து முடி, அப்புறம் எடு என்பாள்.